வியன்னாவில் நிற்கும் வடிவாம்பிகை

சிவக்கொழுந்து நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மடத்துத் தில்லைத் தம்பிரான் அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் சிவக்கொழுந்து தீட்சை வாங்கிக்கொண்டது அவரிடம்தான். பார்க்கும்போதெல்லாம் முழங்கால் வலியோடு தரையில் விழுந்து கும்பிடுவார். "நின்னபடியே கும்பிடுங்க" என்று தம்பிரான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். பிடிவாதம் சிவக்கொழுந்துக்குக் கூடப் பிறந்தது.

அன்றும் விழுந்து எழுந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "சாமி, வியன்னாவுக்குப் போகப்போறேன்" என்றார்.

"அது எங்க இருக்கு?"

"ஆஸ்திரியாவோட தலைநகரம். ராஜாக்கள் ஆண்ட பழைய ஊர். நம்ம வடிவாம்பிகை அங்கதான் இருக்கா போலிருக்கு."

நெல்லிக்காவல் கோயிலில் இருந்து அம்மனின் ஐம்பொன் திருமேனி களவு போய் ஒரு தலைமுறை ஆகிவிட்டது. ஆடிப்பூரம் வந்தால் ஊர்ப் பெண்கள் வெறும் பீடத்துக்கு வளையல் அடுக்கிவிட்டு அழுதுகொண்டே வீடு திரும்பினார்கள். போன வருடம் வியன்னாவில் உள்ள ஓர் அருங்காட்சியகத்தின் இணையப் பக்கத்தில் ஒரு சிலையின் படம் கண்ணில் பட்டது. ஊரார் எழுதிக் கேட்டார்கள். பதில் வந்தது. நீங்கள் அனுப்பிய பழைய படத்தில் பட்டும் மாலையும்தான் தெரிகின்றன, சிலையை அறிந்தவர் யாராவது நேரில் வந்து பார்த்துச் சொல்லட்டும், மேற்கொண்டு பேசலாம் என்றார்கள். நியாயமான பதில்தான். ஊர் கூடி சிவக்கொழுந்தைத் தேர்ந்தெடுத்தது. வயல் வரப்பில் ஒரு சாண் தகராறு என்றாலும் அவர் சொன்னால் கட்டுப்படுகிற ஊர் அது.

"ஏற்பாடெல்லாம் ஆச்சா?" என்று தம்பிரான் கேட்டார்.

இந்தக் கேள்விக்காகவே சிவக்கொழுந்து காத்திருந்தார். அவருடைய அக்கா மகன் இளவழுதி அங்கே வேலையில் இருக்கிறான். திட்டம் அவன் போட்டது. முதல் நாள் அரண்மனை, அதில் ஆயிரத்துச் சொச்சம் அறை. அடுத்த நாள் கூரையெல்லாம் வண்ண ஓடு வேய்ந்த பெரிய தேவாலயம், பிறகு டிராமில் பழைய நகரத்தைச் சுற்றிவிட்டு டான்யூப் ஆற்றில் படகு. மூன்றாம் நாள் காலையில் அம்மன்.

"அம்மனுக்கு முன்னாடி அரண்மனையா?"

"குளிர் உடம்புக்குப் பழகணும் சாமி."

"அரண்மனையிலதான் பழகுமா?"

சிவக்கொழுந்து தலையைச் சொறிந்தார். "மாத்தச் சொல்லிடறேன். முதல்ல அம்மன். மத்ததெல்லாம் அப்புறம்."

"பெட்டியில என்ன வெச்சிருக்கீங்க?"

"ஸ்வெட்டர், கம்பளித் தொப்பி. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல். அளவு நாடா, பூதக்கண்ணாடி. கோயில் படங்கள் ஒரு கட்டு. அதுக்கு மேல ஒரு கைக்குட்டைகூட நுழையாது."

சொல்லி முடித்ததும் அவர் குரல் இறங்கியது. வந்த விஷயம் அதுவரை வெளியே வந்திருக்கவில்லை.

"ஒரு சங்கடம் சாமி. நான் அவளை அலங்காரம் இல்லாம பார்த்ததே கிடையாது. நான்னு இல்லை, ஊர்ல யாருமே பார்த்ததில்லை. எங்க கோயில்ல அம்மனுக்கு அபிஷேகம்னா திரை போட்டுடுவாங்க. சேலை கட்டி, மாலை சாத்தி முடிச்ச பிறகுதான் திரை விலகும். பார்த்தவர் குருக்கள் ஒருத்தர்தான். அவரும் போய்ச் சேர்ந்துட்டார்."

"இதை ஊர்ல சொன்னீங்களா?"

"நம்பி அனுப்புறாங்களே. எப்படிச் சொல்றது?"

சிவக்கொழுந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அங்க போய் ஆமான்னு சொல்லி, அது வேற யாராவது இருந்தா பொய் சொன்னவனாயிடுவேன். இல்லைன்னு சொல்லி, அது அவளாவே இருந்தா? பெத்த தாயைப் பார்த்து நீ யாருன்னு கேட்ட பாவம் வந்து சேரும். தூக்கமே வரலை சாமி. பார்க்காத முகத்தை எப்படி அடையாளம் சொல்றது?"

"கண்ணை மூடிக்கிட்டு அவ எப்படி இருப்பான்னு சொல்லுங்க."

சிவக்கொழுந்து கண்ணை மூடினார். முகம் மலர்ந்தது. "மாம்பழ மஞ்சள் பட்டு. அரக்குக் கரை."

"அது சேலை."

"மூக்குத்தி. தீபம் காட்டும்போது வாசல்ல நின்னாலே மினுங்கும்."

"அது கல்லு."

"தோள்ல இருந்து பாதம் வரைக்கும் மாலை."

"அது பூ."

சிவக்கொழுந்து கண்ணைத் திறந்துவிட்டார். இப்படியே போனால் கடைசியில் அம்மனே மிஞ்சமாட்டாள் என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது.

"அங்க இருக்கிற சிலையோட படத்தை ஊர்ல காட்டினீங்களா?"

"போன்ல வெச்சுக்கிட்டு வீடு வீடாப் போனேன். எல்லாரும் உதட்டைப் பிதுக்கினாங்க. யாரோ மாதிரி இருக்குன்னாங்க. பூக்கட்டுற அஞ்சலை மட்டும் சண்டைக்கு வந்துட்டா."

"என்ன சண்டை?"

"அதை விடுங்க சாமி."

"விட மாட்டேன். சொல்லுங்க."

"போனை வாங்கிப் பார்த்தா. பார்த்த உடனே முந்தானையை எடுத்து அதுமேல போட்டு மூடிட்டா. 'ஒரு பொம்பள இப்படி நிக்கிறதைப் படமா வெச்சுக்கிட்டு வீடு வீடாக் காட்டுறியே, நீ அக்கா தங்கச்சியோட பொறக்கலையா'ன்னு ஒரே கத்தல். இடுப்புல ஆடை உலோகத்துலயே வார்த்திருக்கு, நல்லாப் பாரும்மான்னேன். காதுல வாங்கினாத்தானே. போனைத் தரவே மாட்டேன்னுட்டா. அவ வீட்டுக்காரர் வந்து சமாதானம் பண்ணித்தான் வாங்கிட்டு வந்தேன்."

சிவக்கொழுந்து சிரித்தார். தம்பிரான் சிரிக்கவில்லை.

"அஞ்சலை அடையாளம் ஏதாவது சொன்னாளா?"

"எங்க சாமி? இது யாருன்னுகூட அவ கேட்கலை."

தம்பிரான் முற்றத்துப் பக்கம் திரும்பினார். அங்கே மடத்துப் பசு வைக்கோல் மென்றுகொண்டிருந்தது.

"சிலையோட உயரம் தெரியுமா?"

சிவக்கொழுந்தின் முகம் தெளிந்தது. இது அவர் துறை. "நல்லாத் தெரியும். அவங்க பக்கத்துலயே போட்டிருக்காங்க. பீடத்தோட சேர்த்து ரெண்டே கால் அடி. அகலமும் இருக்கு. நம்ம கோயில் பீடத்துக் குழியோட ஒத்துப் பார்த்தேன், ஏறக்குறைய சரியா வருது. ஆனா அந்த அளவுல சிலை ஊருக்கு ஒண்ணு இருக்கும். அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"சேலைக்கு அளவு சொல்லலாமில்ல?"

"சேலையா?"

"தறியில சொல்லி நெய்யச் சொல்லுங்க. மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை."

"பெட்டியில இடமில்லையே சாமி."

"பூதக்கண்ணாடியை எடுத்துடுங்க."

சிவக்கொழுந்துக்கு அதைக் கேட்கவே கஷ்டமாக இருந்தது. அந்தக் கண்ணாடியைச் சென்னைக்கு ஆள் அனுப்பி வாங்கியிருந்தார். "கண்ணாடிக் கூண்டுக்குள்ள நிக்கிறா. கிட்டப் போகவே விட மாட்டாங்க. சேலை கட்ட விடுவாங்களா?"

"கேளுங்க."

"முடியாதும்பாங்க."

"மறுநாளும் போய்க் கேளுங்க. அரண்மனைக்கு வெச்ச நாள் இருக்கில்ல?"

"அன்னிக்கும் முடியாதுன்னா?"

"படகுக்கு வெச்ச நாள் இருக்கு." தம்பிரான் குரலை உயர்த்தவில்லை. "நான் நின்னு கும்பிடச் சொல்லி எத்தனை வருஷம் ஆச்சு? கேட்டீங்களா? அந்தப் பிடிவாதத்தை அங்க கொண்டு போங்க."

சிவக்கொழுந்து முழங்காலைத் தடவிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் முதுகு நிமிர்ந்தது. வரப்புத் தகராறில் இரு தரப்பும் கத்தும்போது அளவுச் சங்கிலியோடு நடுவில் இறங்குகிற ஆள் அப்படித்தான் நிமிர்வார்.

"கேட்கறேன் சாமி. விடுற வரைக்கும் அந்த வாசலை விட்டு நகர மாட்டேன். கட்டி முடிச்சுட்டு?"

"அப்புறம் பாருங்க. தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டு வாங்க. ஊருக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

சிவக்கொழுந்து மறுபடி விழுந்து கும்பிட்டார். திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு வாசல் வரை போனார். அங்கே நின்றுவிட்டார். எல்லைக் கல் நடாமல் ஒரு நிலத்தை விட்டு வந்து அவருக்குப் பழக்கமில்லை. திரும்பி வந்தார்.

"சாமி, ஊர் என்னை அனுப்புறது அடையாளம் சொல்ல. அவ்வளவு தூரம் போய், அவங்க கையைக் காலைப் பிடிச்சு, சேலையும் கட்டிட்டேன்னு வெச்சுக்குவோம். அப்புறம் பார்த்தா அவ நம்ம வடிவாம்பிகை இல்லை. அப்ப என்ன பண்றது?"

தம்பிரான் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"அதுக்காகச் சேலையை உருவிக்கிட்டு வந்துடுவீங்களா?"