ஆனைக்கசத்தில் விட்ட நிழல்

அந்தக் காலத்தில் மீனுக்கும் மற்ற ஆற்று உயிர்களுக்கும் பேச்சு உண்டு, மனிதனுக்கு அது விளங்கவும் செய்யும். கேட்டுக்கொண்டேதான் தூண்டில் போடுவார்கள்.

ஆறு வளைகிற இடத்தில் ஆனைக்கசம் என்று ஒரு மடு இருந்தது. யானை முழுகினால் தும்பிக்கைகூட வெளியே தெரியாத ஆழம். அந்தக் கரையில் தூண்டில் போட்டுப் பிழைத்தவன் கொம்பையா. வீட்டில் மனைவி பேராச்சியும், அப்போதுதான் பேச்சுப் பழகிய மகள் ஆவுடையும்.

ஒரு கோடையில் ஆற்றில் மீன் அற்றுப்போயிற்று. தூண்டில்காரர்கள் பாறையில் கூடி நியாயம் பேசினார்கள். நீர்நாய் கடித்துக் குதறுகிறது என்றான் ஒருவன். நீர்க்காகம் முழுசாக விழுங்குகிறது என்றான் இன்னொருவன். கொம்பையாவோ விரால்தான் பெரிய கொள்ளைக்காரன் என்றான், தன்னைவிடச் சிறியது எதையும் அது விட்டுவைக்காதாம். போன புதுவெள்ளத்தில் சினைக் கெண்டைகளைத் தாங்களே கூடைகூடையாக அள்ளியதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கொம்பையாவின் மச்சான் வேலாண்டி மட்டும், "விராலை ஏன் வையுதீரு மச்சான்? உம்ம தூண்டில் புழுவுக்கு நரை விழுந்துட்டு. காலாகாலத்துல ஒரு கல்யாணத்தப் பண்ணி வையும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கொம்பையாவுக்குச் சுட்டது.

மறுநாள் வெயில் சாயும் நேரத்தில் அவன் தனியாக ஆனைக்கசத்துக்குப் போனான். தண்ணீரில் செந்தூரம் கொட்டியது மாதிரி ஒரு திட்டு மிதந்தது. விரால் குஞ்சுகள். அவை மொத்தமாக மேலே வந்து மூச்செடுத்து மொத்தமாக இறங்கின. அடியில் அப்பனும் ஆத்தாளும் காவல் நின்றன. கொம்பையா ஒரு தவளையைக் கோத்து அந்தச் சிவப்பின் நடுவே இழுத்தான். காவல் நிற்கிற விரால் பசிக்காகக் கடிப்பதில்லை, விரட்டத்தான் கடிக்கும். அது அவனுக்குத் தெரியும். முதலில் அப்பன் மாட்டியது, பிறகு ஆத்தாள்.

மணலில் கிடந்தபடி ஆத்தாள் பேசியது. "பக்கத்துல கறுப்பா ஒண்ணு காவல் நின்னாத்தான் கொக்கு கிட்ட வராது. எங்களை எடுத்துக்க. உன் நிழலைப் பிள்ளைகளுக்கு விட்டுட்டுப் போ."

கொம்பையா சிரித்தான். "நிழல்தான? வச்சுக்க. சோறு திங்காத சாமான்."

இரண்டு மீனையும் பனைநாரில் கோத்துக்கொண்டு நடந்தான்.

முற்றத்தில் நின்ற பேராச்சி முதலில் பார்த்தது தரையைத்தான். இரண்டு மீனின் நிழல் ஆடி ஆடி மணலில் வந்தது. அதைப் பிடித்திருந்த ஆளின் நிழல் இல்லை. நாய் எழுந்து பின்வாங்கியது. ஆவுடை வீறிட்டு அழுதாள். பேராச்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்ப் படலைச் சாத்தினாள்.

"நான்தான் புள்ள" என்றான் கொம்பையா.

"குரல் அவுக குரல்தான்" என்றாள் அவள் படலுக்குப் பின்னால் இருந்து. "நீங்க அவுகதான்னா உங்க நிழலோட வாங்க. இப்படி வந்தா பிள்ளை இருக்கிற வீட்டுக்குள்ள விடமாட்டேன்."

அவன் திரும்பக் கசத்துக்கு ஓடினான். தண்ணீரின் மேல் அவன் நிழல் குந்தி உட்கார்ந்திருந்தது, தூண்டில் போட்டபோது எப்படி இருந்ததோ அப்படியே. அதன் மடியில் சிவப்புத் திட்டு. கூப்பிட்டான். அது அசையவில்லை. பாறை இடுக்கில் இருந்த நீர்நாய் தலையை நீட்டி, "நானே அந்தப் பக்கம் போறதில்லை. கிட்டப் போனா அது எந்திரிச்சு நிக்குது" என்றது.

கடைசியில் குஞ்சுகளிடமே கேட்டான், எப்போது விடுவீர்கள் என்று. "கறுத்த பிறகு" என்றன எல்லாம் ஒரே குரலில்.

கரையிலேயே கிடந்தான். பேராச்சி தினமும் கஞ்சியைத் தூரத்துப் பாறையில் வைத்துவிட்டுப் போவாள். சில நாள் ஆவுடையும் தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வருவாள். ஆளைப் பார்க்கமாட்டாள். குஞ்சுகள் வளர்ந்தன. முதுகில் கறுப்பு ஏறியது. அவற்றுக்குக் கறுப்பு ஏற ஏறத் தண்ணீர் மேல் இருந்த நிழல் வெளுத்துக்கொண்டே வந்தது. முதலில் விரல்கள் போயின. பிறகு தோள். ஐப்பசி வெள்ளம் வடிந்த ஒரு காலையில் கசத்தின் மேல் நிழலே இல்லை. தண்ணீருக்குள் கன்னங்கரேலென்று விரால்கள் நின்றன.

"கறுத்துட்டீங்களே. என் நிழலைத் தாங்க. வீட்டுக்குப் போகணும்" என்றான்.

"அதை எங்களுக்குள்ள பங்கு வச்சாச்சு" என்றன அவை.

அந்நேரம் பேராச்சி கஞ்சியோடு வந்தாள். ஆவுடை அன்று முகத்தைப் புதைக்கவில்லை. இத்தனை நாளில் அந்த மெலிந்த உருவம் அவளுக்குப் பழகிவிட்டது போலும். தாயின் இடுப்பிலிருந்து கையை நீட்டி, "அப்பா" என்றாள்.

அதே நேரம் கசத்தின் அடியிலிருந்தும் ஒரு குரல் "அப்பா" என்றது.

கொம்பையா கரையைப் பார்த்தான். பிறகு தண்ணீரைப் பார்த்தான். நிழல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் ஆள் திரும்புவான். இடுப்பளவு தண்ணீர் வரை அவன் முதுகு தெரிந்தது. அதற்குமேல் வட்டம் வட்டமாக அலைதான் வந்தது. மீன் பேசி மனிதன் காதில் விழுந்த கடைசிச் சொல்லும் அந்த "அப்பா"தான்.

அன்று முதல்தான் செந்தூரமாகப் பிறக்கிற விரால் குஞ்சு வளர வளரக் கறுக்கிறது. அன்று முதல்தான் தூண்டில்காரர்கள் வெயிலைப் பார்த்து உட்கார்ந்து, நிழலை முதுகுக்குப் பின்னால் கரையிலேயே விட்டுவைக்கிறார்கள். தண்ணீரில் சிவப்பு தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு பேசாமல் எழுந்துவிடுவார்கள். விரால் இன்னமும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. சத்தம் வருவதில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுகிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.