வியாகுலத்தின் கொசுவலை

சீடர் குருவைவிட மூத்தவராக இருக்கக் கூடாது என்று ஏதாவது சாஸ்திரம் சொல்லியிருக்கலாம். புயல் சாஸ்திரம் படித்ததில்லை. கழிமுகத்தில் சிப்பி வளர்த்தவர்களின் மிதவைகளையெல்லாம் வாரிக்கொண்டு போன அது, திரேசம்மாளின் மிதவையை மட்டும் விட்டுவைத்தது. தலை நரைத்த வியாகுலம் மறுவாரமே அவரிடம் சீடராகச் சேர்ந்தார். ஆசானுக்குப் பெண்பால் தேடி அவர் நேரத்தை வீணாக்கவில்லை.

“உங்க மிதவை மட்டும் எப்படி நின்னுது, ஆசானே?”

“காத்து இந்தப் பக்கம் வரலை, அண்ணாச்சி.”

வியாகுலம் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அன்று முதல் மூங்கில் வெட்டுமுன் கேட்டார். கயிறு வாங்குமுன் கேட்டார். ஒவ்வொரு முடிச்சையும் காட்டி “சரியா?” என்றார். காலமெல்லாம் சிப்பி வளர்த்த கை அது. மூச்சு விட அனுமதி கேட்காததுதான் பாக்கி.

புயலுக்குத் தப்பிய குஞ்சுச் சிப்பிகள் பாறைகளில் கொஞ்சமே இருந்தன. தம் பங்குக்குக் கிடைத்ததைக் கயிற்றைச் சுற்றி வைத்து, நைலான் வலையால் இறுக்கி, முடிச்சின்மேல் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தார். இதுவும் போனால் அடுத்த பருவம்வரை வீட்டில் அடுப்பு புகையாது.

“இனி எந்தப் புயலும் அசைக்காது, ஆசானே!”

“சிப்பியும் அசையாதே. அப்புறம் எப்படி வளரும்?”

திரேசம்மாள் அரிவாளை எடுத்து வலையை நீளவாக்கில் கிழித்தார்.

“ஐயோ மாதாவே!”

“முன்னாடி எதுல கட்டுவீங்க?”

“பழைய பருத்திக் கொசுவலையில.”

“வீட்டுல இருக்கா?”

“ஒண்ணே ஒண்ணு. நான் படுக்கிறது.”

“கொண்டாங்க.”

கொசுவலை கழிமுகத்துக்குப் போனது. ஊர்க் கொசுக்கள் வியாகுலத்தின் வீட்டில் திருவிழா கொண்டாடின.

சில வாரம் கழித்து வியாகுலம் தன் மிதவையில் குனிந்து கயிற்றை இழுத்தார். துணியைக் காணோம். உதறிப் பார்த்தார். ஒரு சிப்பிகூட உதிரவில்லை. சொட்டச் சொட்ட ஓடிவந்தார்.

“பிடிச்சிட்டுது, ஆசானே! ஒவ்வொண்ணும் கயித்தைக் கவ்விக்கிட்டு நிக்குது!”

மீன் ஆய்ந்துகொண்டிருந்த திரேசம்மாள் நிமிர்ந்தார். “கொசுவலை?”

“அது இத்துப் போச்சு. அதோட வேலைதான் முடிஞ்சுதே.”

“சந்தோஷம்.”

“அடுத்த கயிறு கட்டணும். நாளைக்கு எப்ப வரட்டும்?”

“எதுக்கு?”

“முடிச்சு சரியான்னு காட்டத்தான்.”

திரேசம்மாள் சிரித்துக்கொண்டே கத்தியைக் கழுவினார்.

“கொசுவலை இத்துப் போச்சுன்னு இப்பத்தானே சொன்னீங்க, அண்ணாச்சி?”