வெறும் துப்பாக்கி

செங்கோடன் துப்பாக்கியை மேஜைமேல் போட்ட வேகத்தில் எண்ணெய்ப் புட்டி உருண்டு கீழே விழுந்தது.

“எம்பையன் மௌலி கெடுத்துப்போட்டானுங்க டீச்சர்! எங்கப்பா வாங்குன துப்பாக்கி. நாப்பது வருசமா ஒரு கோளாறு பண்ணுனதில்லை.”

பியூலா அந்த ரைபிள் கிளப்பில் சுடக் கற்றுக்கொடுப்பவள், பழுதும் பார்ப்பவள். செங்கோடனைவிடப் பதினைந்து வயது சின்னவள். போர்வெல் லாரி வைத்து ஊரையே அதட்டும் மனுஷன், அவளிடம் மட்டும் கையைக் கட்டித்தான் நிற்பார். இன்று கட்டவில்லை.

“என்ன பண்ணுதுங்க?”

“அழுத்த அழுத்த அடுத்த தோட்டா தானா ஏறும். இப்ப வாயிலயே மாட்டிக்குது. நான் இல்லாதப்ப எடுத்திருக்கான் கழுதை. கேட்டா தொடவே இல்லைங்கறான். போடா வெளியேன்னுட்டேன். பொட்டி கட்டிட்டிருக்கான். நாலு மணி பஸ்சுக்குப் போறானாம், போகட்டும்!”

பியூலா துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தாள். மரக்கட்டை பளபளத்தது. பேரலுக்குள் பொட்டுத் துரு இல்லை. பெற்ற பிள்ளையைக்கூட இவர் இப்படித் துடைத்து வளர்த்திருக்கமாட்டார்.

டார்ச்சையும் பூதக்கண்ணாடியையும் அவர் கையில் கொடுத்தாள்.

“பாருங்கண்ணா.”

தோட்டா நுழையும் துளையின் விளிம்பில், ஒரே இடத்தில், நெல்முனை அளவுக்கு இரும்பு நசுங்கியிருந்தது.

“இந்த ரகத் தோட்டாவுக்கு மருந்து விளிம்புல இருக்கும். விசையை அழுத்துனா உள்ள இருக்கற ஊசியும் விளிம்புலதான் அடிக்கும். தோட்டா இருந்தா தோட்டா வாங்கிக்கும். இல்லைன்னா இரும்பு வாங்கிக்கும். இது ஒருநாள் நசுங்கல் இல்லீங்க, வருசக்கணக்கு. தோட்டா இல்லாம வெறுமனே விசையைத் தட்டாதீங்கன்னு மொத நாளே சொன்னேன். யாரு தட்டுனது?”

செங்கோடனின் மீசை துடித்தது.

“நான்தான்! கோவம் டீச்சர். அவன் எதுத்துப் பேசறப்பல்லாம் உடம்பு பத்தி எரியுது. அடிச்சுப்போடக் கூடாதுன்னு என் ரூமுக்குப் போயிருவேன். கதவைச் சாத்திட்டு, செவுத்தைக் குறி வெச்சு, இழுத்து இழுத்துத் தட்டுவேன். அப்பத்தான் மனசு ஆறும். இருபத்திரண்டு வருசத்துல மௌலிமேல ஒரு அடி வெச்சதில்லை. வெறும் துப்பாக்கி, அது யாரை என்ன பண்ணிப்போடும்?”

பியூலாவுக்கும் கோபம் வந்தது. அவள் கோபத்தில் சத்தம் குறையும்.

இரும்பில் அடி விழாமலிருக்க, சுட்டு முடித்த தோட்டாவின் காலிக் கூடு ஒன்றை உள்ளே வைத்தாள். பக்கத்து அறைச் சுவரைப் பார்த்துப் பிடித்தாள். அழுத்தினாள்.

டிக்.

இழுத்துவிட்டு, கூட்டைத் திரும்ப வைத்து, மறுபடி அழுத்தினாள். மறுபடி.

பக்கத்து அறையிலிருந்து கிளப் எழுத்தர் பர்வீன் முகம் வெளுத்து ஓடிவந்தாள். “என்ன டீச்சர் சத்தம் அது?”

“ஒண்ணுமில்லை, போம்மா.”

பர்வீன் துப்பாக்கியையே பார்த்தபடி பின்வாக்கில் நகர்ந்து போனாள்.

“பயந்தாங்கொள்ளி” என்றார் செங்கோடன்.

“உங்க செவுத்துக்கு அந்தப் பக்கம் யாரு ரூமுங்கண்ணா?”

“மௌலி ரூமு. அதுக்கென்னங்க இப்ப?”

பியூலா துப்பாக்கியை மேஜைமேல் வைத்தாள்.

“உள்ள தோட்டா இல்லைன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?”