மயிலி ஏறிய முள்ளம்பன்றி மேடு

குளத்தங்கரைப் புதரில் மயிலி என்ற நாய் மூன்று குட்டிகளோடு குடியிருந்தது. ஒருநாள் காலை காகம் பறந்து வந்தது. "காட்டுக்குள்ளே ஒரு நரிக்கு வெறி பிடிச்சிருக்கு. கண்டதையெல்லாம் கடிக்குது. பத்திரமா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனது.

மயிலி, "ஆண்டவனே, நீதான் துணை" என்று கண்ணை மூடிக்கொண்டது. பிறகு குட்டிகளை எழுப்பியது. "கிளம்புங்க. முள்ளம்பன்றி வைத்தியர்கிட்டே போய்த் தடுப்பூசி போட்டுக்கிட்டு வருவோம்."

வழியில் சடையன் படுத்திருந்தது. அந்தக் கரையிலேயே பலசாலி நாய் அதுதான்.

"எங்கே தங்கச்சி, குடும்பத்தோட ஊர்வலம்?"

"ஊசி போடத்தான் அண்ணே. நீங்களும் வாங்க."

சடையன் சிரித்தது. "நாயாப் பிறந்துட்டு முள்ளைத் தேடிப் போறியே! எந்தக் கடியா இருந்தாலும் நக்கிவிட்டா ஆறிடும். எங்கப்பனுக்குக் காது கிழிஞ்சதே, நக்கித்தான் ஆறுச்சு."

"காதுக் கிழிசல் வேற, வெறிநோய் வேற அண்ணே. அது வந்துட்டா எந்த நாக்காலயும் ஆறாது" என்ற மயிலி நிற்காமல் நடந்தது.

முள்ளம்பன்றி இருந்த மேட்டில் ஏறும்போது கடைக்குட்டி, "கால் வலிக்குதும்மா" என்று உட்கார்ந்துகொண்டது. மயிலி அதை வாயில் கவ்விக்கொண்டு ஏறியது.

முள்ளம்பன்றி தன் முதுகிலிருந்து குட்டிக்கொரு புது முள்ளைப் பிடுங்கியது. மருந்தில் தோய்த்துக் குத்தியது. குட்டிகள் வீலென்று கத்தி, அடுத்த நிமிடமே விளையாடப் போய்விட்டன.

"இதோட விட்டுடாதே. நான் சொல்ற நாள்ல மறுபடியும் கூட்டிட்டு வரணும். இப்ப நீ திரும்பு."

"எனக்கா? குட்டியிலேயே போட்டாச்சே ஐயா. பிள்ளைங்களுக்குப் போட்டதே போதும்."

"அந்த மருந்து ஆயுசுக்கும் நிக்காதும்மா. வளர்ந்த நாய்க்கும் காலாகாலத்துல போடணும். நீ போயிட்டா இதுங்க யார் மடியைத் தேடும்?"

மயிலி திரும்பி நின்று பின்தொடையைக் காட்டியது.

சில வாரம் கழித்து, வெறிநரி குளத்தங்கரைக்கே வந்துவிட்டது. வாயெல்லாம் நுரை. நேரே குட்டிகள் மேல் பாய்ந்தது. மயிலி குறுக்கே விழுந்து மறித்தது. சத்தம் கேட்டுச் சடையனும் ஓடி வந்தது. இரண்டும் சேர்ந்து நரியை விரட்டின. இரண்டுக்கும் கடி.

"வாங்க அண்ணே, இப்பவே வைத்தியர்கிட்டே போயிடுவோம். கடிபட்டா மறுபடியும் போடணுமாம்."

"சின்னக் கீறல்தான் தங்கச்சி. நீ போ" என்று சடையன் காயத்தை நக்கத் தொடங்கியது.

மயிலி இரத்தம் சொட்டச் சொட்ட மேடேறியது. வைத்தியர் காயத்தை நன்றாகக் கழுவி, இன்னொரு முள்ளைக் குத்தியது. மயிலி பிழைத்தது.

சடையன் ஒருநாள் தள்ளாடிக்கொண்டு குளத்தோரம் வந்தது. நாக்கு வறண்டு தொங்கியது. எதிரே குளம் நிறையத் தண்ணீர் இருந்தும் ஒரு மிடறு விழுங்க முடியவில்லை. மயிலி குட்டிகளைத் தூரமாக மறைத்து நிறுத்தியது. "ஆண்டவனே, என் பிள்ளைங்களுக்காக ஓடி வந்தவரு. அதிகம் தவிக்க விடாதே" என்று அழுதது. அன்று மாலையே சடையன் செத்துப்போனது.

அடுத்த ஊசி நாளில் மயிலி கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பியது. கரையிலிருந்த ஒவ்வொரு நாயையும் தட்டி எழுப்பியது. வரமாட்டேன் என்றதன் வாலைக் கடித்து இழுத்தது. ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் மேடேறின.

சின்னவரோ பெரியவரோ, எத்தனை பலசாலியோ, நோய் வருமுன்னே காத்துக்கொள்கிறவரே பிழைப்பார்.