மணிப்பிளாண்டுக்கு வைத்த விருந்து

“அம்மா, நான் எதுல குறை வச்சேன்?”

ஆவுடையப்பன் இரண்டு கையாலும் ஒரு தொட்டியை ஏந்தியபடி நின்றார். தொட்டியில் ஒரு மணிப்பிளாண்ட். இலைகள் மஞ்சளடித்து, ஓரமெல்லாம் கருகித் தொங்கின.

திலகவதியம்மா நெல்லிக்காய் அரிந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து செடியைப் பார்த்தார். பிறகு அதை ஏந்தியிருந்த கைகளைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் உரம்.

“உக்காருங்க அண்ணாச்சி.”

குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகிற சாலையில் திலகவதியம்மா நடத்தும் அந்த ஓட்டு வீடு இருந்தது. மனம் நொந்தவர்கள் அங்கே வருவார்கள். சில நாள் தங்குவார்கள், போவார்கள். திலகவதியம்மா யாருக்கும் பிரசங்கம் செய்ததில்லை. ஆவுடையப்பனைவிட அவருக்கு வயது ரொம்பக் குறைவு. ஆனாலும் ஆவுடையப்பன் அவரை “அம்மா” என்றுதான் கூப்பிட்டார்.

ஆவுடையப்பன் கல்யாணச் சமையல்காரர். சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்தில் அவர் கையால் வைக்கும் தேங்காய்ப்பால் சொதிக்காகவே முகூர்த்தத் தேதியை மாற்றி வைத்தவர்கள் உண்டு. பந்தியில் யாராவது “போதும்” என்று கை மறித்தால், மறித்த கைக்கு மேலேயே ஒரு கரண்டி விடுகிற மனிதர்.

மனைவி உலகம்மாள் இறந்துபோன பிறகு அவர் அடுப்பு பற்றவைக்கவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்தார். வரும்போது கொண்டுவந்தது ஒரு துணிப்பையும் இந்தச் செடியும்தான். உலகம்மாள் சமையலறை ஜன்னலில் ஏற்றி வளர்த்த கொடி. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

போன மாதம் ஜன்னல் வழியாக ஒரு குரங்கு கையை விட்டது. கொடியைப் பிடித்து இழுத்தது. தொட்டி விழுந்து உடைந்தது. வேர் பாதி அறுந்துபோயிற்று. அவர் அழுதுகொண்டே வேறு தொட்டியில் மாற்றி நட்டார்.

“என்னென்ன கொடுத்திய?” என்று கேட்டார் திலகவதியம்மா.

அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தவர்போல ஆவுடையப்பன் ஆரம்பித்தார்.

“கடலைப் புண்ணாக்கை ஊறப்போட்டு, கெட்டியா கரைச்சு ஊத்துனேன். மண்புழு உரம் மேலாக்குல போட்டேன். தென்காசிக்குப் போயி டி.ஏ.பி. உரம் வாங்கியாந்து வச்சேன். அரிசி களைஞ்ச தண்ணி, மீன் கழுவுன தண்ணி. அதுக்கும் துளிர் விடலன்னதும் இன்னொரு தடவை புண்ணாக்கு.”

“எப்ப ஆரம்பிச்சிய?”

“நட்ட மறுநாளே. வேரெல்லாம் புண்ணா கெடந்துச்சே அம்மா. அதுக்குத் தெம்பு வேண்டாமா?”

திலகவதியம்மா தொட்டியை வாங்கி முகர்ந்தார். மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பழைய ஊறுகாய்ச் சாடியைத் திறந்தாற்போல ஒரு வீச்சம்.

தொட்டியோடு எழுந்து கொல்லைக்குழாயடிக்கு நடந்தார். ஆவுடையப்பன் பின்னாலேயே ஓடினார்.

மேலே படிந்திருந்ததையெல்லாம் விரலால் வழித்துத் தூரப் போட்டார். குழாயை மெதுவாகத் திறந்து தொட்டியை அதன் கீழே வைத்தார். அடித்துளை வழியாகத் தண்ணீர் கருங்காப்பி நிறத்தில் வெளியேறியது.

“அய்யோ, சத்தெல்லாம் போகுதே!”

“பிடிங்க.”

தொட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு, திலகவதியம்மா நெல்லிக்காயிடம் போய்விட்டார்.

ஆவுடையப்பன் பிடித்துக்கொண்டு நின்றார். கறுப்பு பழுப்பாயிற்று. பழுப்பு வெளுத்தது. வெகுநேரம் கழித்து, உள்ளே போகிற தண்ணீரும் வெளியே வருகிற தண்ணீரும் ஒன்றுபோல இருந்தன.

சொட்டச் சொட்டக் கொண்டுவந்தார்.

“இனி அம்மா?”

“வெளிச்சம் வர்ற எடமா பாத்து வைங்க. மண்ணு காய்ஞ்சா தண்ணி.”

“சாப்பாடு?”

“ஆறு மணிக்கு மணி அடிப்பாக. நீங்க வந்து சாப்பிடுங்க.”

அந்த நாட்களில் அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. சும்மா இருப்பது அவருக்குத் தெரியாத வேலை. காலையில் மண்ணைத் தொட்டுப் பார்ப்பார். ஈரமிருந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். கருகிய இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கொடி, நாலைந்து இலையோடு ஒரு வெறும் கயிறாயிற்று.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கைநிறையப் புண்ணாக்கை அள்ளிக்கொண்டு செடியருகே போனார். அங்கே திலகவதியம்மா ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆவுடையப்பன் அப்படியே திரும்பி, பக்கத்து வீட்டு எருமைக்குப் போட்டார். எருமை சந்தோஷமாகத் தின்றது. அவருக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

சாரல் பிடித்தது. வீடு முழுக்க ஈரக்காற்று.

ஒரு காலை, கணுவொன்றில் ஊசிமுனைபோல என்னவோ பச்சையாகத் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சுருட்டி வைத்த குருத்து.

“நல்லாயிரு தாயி, நல்லாயிரு” என்றார் அதனிடம்.

அது விரிந்து, அடுத்த குருத்தும் எட்டிப் பார்த்த பிறகுதான் திலகவதியம்மாவிடம் தொட்டியைக் கொண்டுபோனார்.  முகம் கல்யாண வீடுபோல இருந்தது.

“பொழைச்சிக்கிட்டு அம்மா! உங்க புண்ணியம்.”

“அது வேர் செஞ்ச புண்ணியம்.”

“இப்பவாவது அதுக்கு ஏதாச்சும் கொடுக்கலாமா?”

“கொடுக்கலாம். இப்ப அது கேக்குது.”

ஆவுடையப்பன் எழுந்தே விட்டார். திலகவதியம்மா கையமர்த்தினார்.

“மொதல்ல வெறும் தண்ணி ஊத்தி மண்ணை நனைங்க. பெறவு புண்ணாக்கு ஊறுன தண்ணியில தெளிவை எடுத்து, டம்ளர் தண்ணியில ஒரு சின்னக் கரண்டி கலந்து ஊத்துங்க. அடுத்த மாசம் பாத்துக்கிடலாம்.”

“ஒரு கரண்டியா?”

“ஒரு கரண்டி.”

“என்னம்மா இது! ஊருக்கே ஆக்கிப் போட்ட கை. ஒரு கரண்டியில என்னத்தக் கொடுத்ததா ஆகும்?”

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. முகம் மாறியது.



“அவளுக்கும் எவ்வளவோ செஞ்சேன்” என்றார் ஆவுடையப்பன், தொட்டியைப் பார்த்துக்கொண்டே. “வயித்துல வந்த சீக்கு. எதைப் போட்டாலும் தங்கல. நான் விடல. இடியாப்பம் பிழிஞ்சேன். பால் பாயசம் வச்சேன். சொதியைத் தண்ணியா இறுத்துக் கொண்டுபோனேன். எல்லாத்துக்கும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. ஊரெல்லாம் தேடித் தின்ன என் கைச்சோறு, கட்டுனவளுக்கு வேண்டாம்னு ஆயிட்டு. ஒரு வா வாங்கிக்கிடாமயே போயிட்டாளே அம்மா. என்ன கோவமோ.”

மழை ஓட்டில் விழுந்தது.

“ஒண்ணுமே கேக்கலையா அவுக?”

“இல்ல.”

“ஒண்ணுமே?”

“தண்ணி கேட்டா. கடைசி அன்னைக்கு. அது என்ன, வெறும் தண்ணிதானே.”

“கொடுத்தியளா?”

“கொடுத்தேன். முழுங்க முடியாதுன்னு டாக்டர் சொன்னாரு. ஒரு சின்னக் கரண்டியில எடுத்து, சொட்டுச் சொட்டா நாக்குல விட்டேன்.”

“குடிச்சாகளா?”

“குடிச்சா.”

“யாரு கொடுத்திருந்தாலும் குடிச்சிருப்பாகளோ?”

“இல்லம்மா. மொதல்ல மக கொண்டுவந்தா. இவ வாயை மூடிக்கிட்டா. வீட்டுக்கு வந்து பாத்த நர்ஸம்மா கொண்டுவந்துச்சு, தலைய ஆட்டிட்டா. நான் அடுப்படியில கஞ்சி வச்சுக்கிட்டிருந்தேன். ‘அப்பா, அம்மா உங்களைக் கூப்பிடுதாக’ன்னு மக வந்து சொன்னா. அப்படியே போட்டுட்டு ஓடுனேன். கரண்டியை வாங்கிப் பக்கத்துல உக்காந்தேன். என்னைப் பாத்தா. பாத்துட்டு…”



சாரல் உள்ளே அடித்து இலைமேல் துளி துளியாக நின்றது. அவர் கண் அதைப் பார்க்கவில்லை. வேறெதையோ, இப்போதுதான் முதல்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

“பாத்துட்டு?”

“வாயைத் தொறந்தா அம்மா” என்றார். “எனக்கு மட்டும் வாயைத் தொறந்தா.”