கீரை விதையில் நொய் கலந்தவள்

அந்தக் காலத்தில் எறும்புக்கும் பேச்சு உண்டு. பேச்சென்றால் சும்மா பேச்சா? வாயைத் திறந்தால் ஊர்ப் பஞ்சாயத்தே தோற்றுப்போகும்.

அப்போது ஓர் ஊருக்குக் குருவம்மா என்றொரு புது மருமகள் வந்தாள். அவள் மாமியார் செல்லாயிக்குச் செடிகொடி என்றால் உயிர். வேலியோரம் அவள் வைத்த செம்பருத்தியும் நந்தியாவட்டையும் வருஷக்கணக்காகப் பூத்துக்கொண்டு நின்றன. கீரைப் பாத்தியை மட்டும் மருமகளிடம் விட்டாள். அங்கேதான் வந்தது வினை. குருவம்மா விதைத்தாள், தண்ணீர் தெளித்தாள், காத்திருந்தாள். ஒரு முளைகூடத் தலைகாட்டவில்லை. மறுபடி விதைத்தாள். மறுபடியும் வெறும் மண்.

“ஏண்டி, உன் கைக்கு ராசியே கிடையாதா?” என்றாள் மாமியார். அந்தப் பேச்சு வேலி தாண்டி ஊருக்குள் போய்விட்டது. பிறகென்ன, விதைப்பென்றால் ஊரில் ஒருத்தரும் அவளைக் கூப்பிடுவதில்லை. பாவம், அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த விதையில் கடைசிப் பிடிதான் மிச்சம். அதைத் தூவிவிட்டு, இந்தத் தடவை பாத்தி ஓரமாகவே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், எறும்புகள் சாரை சாரையாக வந்து, ஆளுக்கொரு விதையைத் தூக்கிக்கொண்டு நடக்கின்றன!

“அடப்பாவிகளா! என் மானத்தை வாங்கினது நீங்கள்தானா?” என்று கத்தினாள்.

சத்தம் கேட்டு மாமியார் கொதிக்கிற வடிகஞ்சிப் பானையோடு ஓடிவந்தாள். “பார்த்துக்கொண்டு நிற்கிறாயே, ஊற்றடி புற்றிலே!” என்று பானையை மருமகள் கையில் கொடுத்தாள்.

குருவம்மா பானையைச் சாய்க்கப் போனாள். முன்னால் வந்த எறும்பு பதறிப்போனது. “மகராசி, நீயா இப்படிச் செய்வது? எங்கள் புற்றில் எல்லாரும் உன் கையைத்தானே கும்பிடுகிறோம்!”

“என் கையையா?”

“ஆமாம் தாயே. விடிந்ததும் வாசலில் கோலமாவு தூவுகிறாய், நாங்கள் தின்கிறோம். அதே கை கொல்லையிலும் வந்து தூவுகிறது. காலைப் பலகாரம் வாசலில், மத்தியானச் சாப்பாடு கொல்லையில் என்று நினைத்துக்கொண்டோம். தப்பா?”

குருவம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஊரே ஒதுக்கின கையைக் கும்பிடவும் ஒரு கூட்டம் இருக்கிறதே! பானையைக் கீழே வைத்தாள்.

“அது சாப்பாடு இல்லை, விதை. திருப்பிக் கொண்டுவாருங்கள்.”

“கொண்டுவருகிறோம். ஆனால் அடுத்த தடவை நீ தூவும்போது எது விதை, எது சோறு என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?”

நியாயமான கேள்விதானே? குருவம்மா உள்ளே போய் ஒரு பிடி நொய்யரிசி அள்ளிவந்தாள். எறும்புகள் திருப்பித் தந்த விதையோடு அதைக் கலந்து பாத்தியில் தூவினாள். “வெள்ளை உங்களுக்கு, கறுப்பு எனக்கு” என்றாள். “அப்படியே ஆகட்டும் தாயே” என்றன எறும்புகள்.

“நல்லாயிருக்கடி! எறும்புக்கு விருந்தா?” என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள்.

எறும்புகள் சொன்ன சொல் தவறவில்லை. நொய்யை மட்டும் பொறுக்கிக்கொண்டு போயின. சில நாளில் பாத்தி முழுக்கத் தண்டுக்கீரை தளதளவென்று எழுந்து நின்றது. மாமியார் கீரை மசியலை இரண்டாம் தரமும் வாங்கிப் போட்டுக்கொண்டாள். சாப்பிட மட்டும்தான் வாயைத் திறந்தாள்.

“குருவம்மா, உன் கையால் எங்கள் பாத்தியிலும் ஒரு தூவு தூவிவிட்டுப் போயேன்” என்று ஊரே வந்து வாசலில் நின்றது. அவளும் சந்தோஷமாக, முந்தானையில் நொய்யை முடிந்துகொண்டு வீடு வீடாகப் போனாள்.

அன்றைக்குப் பிடித்த வழக்கம்தான் இது. கொல்லையானாலும் சரி, மாடித் தொட்டியானாலும் சரி, கீரை விதைக்கிறவர்கள் ஒரு பிடி நொய்யோ ரவையோ கலந்து தூவுகிறார்கள். எறும்பும் வெள்ளையை எடுத்துக்கொண்டு கறுப்பை விட்டுப் போகிறது.