பல்லால் வந்த வழக்கு

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கூவிள நாடு என்று ஒரு நாடு. அதை ஆண்டவன் மருதவாணன் என்ற ராஜா. கெட்டவன் இல்லை, ஆனால் பேச்சில் மயங்குகிறவன். யாராவது சாமர்த்தியமாக வாதம் பண்ணினால் போதும், நியாயமா அநியாயமா என்று பார்க்காமல் தொடையைத் தட்டிச் சிரிப்பான். சிரித்த கையோடு முத்திரையும் குத்திவிடுவான்.

அந்த நாட்டில் ஓர் ஏற்பாடு இருந்தது. அறுவடை தோறும் வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் அரண்மனை வைத்தியசாலைக்கு அளந்துவிட வேண்டும். அளந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் இலவசமாக வைத்தியம் பார்ப்பார்கள். திருமேனிநாதர் என்பவர் வைத்தியசாலை அதிகாரியாக வந்து சேரும்வரை இது ஒழுங்காகத்தான் நடந்தது.

வந்த மறுமாதமே அவர் சபையில் எழுந்து நின்றார்.

"மன்னா, உடம்புக்குத்தானே வைத்தியம் பார்ப்பதாகச் சொன்னோம்? பல் உடம்பில் சேர்த்தியா? பிறக்கும்போது தங்கள் வாயில் பல் இருந்ததா? நடுவில் வருகிறது, நடுவில் போகிறது. தோடு, மூக்குத்தி போல அதுவும் ஓர் ஆபரணம். ஆபரணத்துக்கு யாராவது கஷாயம் கொடுப்பார்களா?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். ஓலையில் முத்திரை விழுந்தது. அன்று முதல் பல்லுக்கும் வைத்தியம் கிடையாது, பல்லால் வரும் எந்தக் கோளாறுக்கும் கிடையாது. வேண்டுமென்றால் பத்துப் பொன் தனியாக வைக்க வேண்டும்.

சுண்ணாம்புக் காளவாசலில் வேலை செய்த மூக்காயிக்குக் கடைவாய்ப் பல்லில் வலி கண்டது. கிராம்பை வைத்து அழுத்தினாள். உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள். ஐந்தாம் நாள் வலது கன்னம் வீங்கிக் கண்ணை மூடிவிட்டது. உடம்பு அனலாகக் கொதித்தது. அவளுக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவளோடு சூளையில் வேலை செய்த இருளாண்டியும் போன மாதம் இப்படித்தான் கன்னம் வீங்கி வைத்தியசாலை வாசலுக்குப் போனான். விரட்டிவிட்டார்கள். வீக்கம் கழுத்துக்கு இறங்கி, மூச்சு முட்டிச் செத்துப்போனான்.

மூக்காயி போனபோது வாசலில் திருமேனிநாதரே நின்றிருந்தார்.

"என்ன நோவு?"

"கன்னம் வீங்கியிருக்குங்க."

"எதனால்?"

"பல்லால."

"அப்படியானால் நடையைக் கட்டு."

"கன்னம் உடம்புதானேங்க?"

"கன்னம் உடம்புதான். வீக்கம் பல்லால் வந்தது. ஓலையில் எழுதியிருக்கிறது, படித்துப் பார்."

"படிக்கத் தெரிஞ்சா நான் ஏன் சுண்ணாம்பு சுடறேன்?" என்றாள் மூக்காயி. "சரிங்க, பல்லால வந்த எதுக்குமே பார்க்க மாட்டீங்களா? யாரா இருந்தாலுமா?"

"யாராக இருந்தாலும்! நானே வந்தாலும்!" என்று சொல்லி அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

மூக்காயி நேரே ராஜசபைக்குப் போனாள். திருமேனிநாதரும் பின்னாலேயே வந்து சேர்ந்தார். "மன்னா, இவள் விவரம் கெட்டவள். தங்கள் ஓலையையே மதிக்காமல்..." என்று கையை அவள் முகத்துக்கு நேராக நீட்டினார்.

அவ்வளவுதான். அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல பல் இருந்த பக்கமாக வைத்து நறுக்கென்று கடித்தாள் மூக்காயி. வலி அவள் மண்டை வரைக்கும் ஏறியது. ஆனாலும் விடவில்லை. காவலர்கள் பிரித்துவிட்டபோது அதிகாரியின் கையில் ரத்தம் சொட்டியது.

"என் சபையில் என் அதிகாரியைக் கடிக்கிறாயா?" என்று கத்தினான் ராஜா.

"நான் எங்க மகாராசா கடிச்சேன்? பல்லு கடிச்சுது. பல்லு என் உடம்புல சேர்த்தி இல்லேன்னு நீங்கதானே முத்திரை போட்டீங்க? மூக்குத்தி குத்திட்டா ஆளைப் பிடிச்சுச் சிறையில போடுவீங்களா? பல்லு நான்தான்னா எனக்கு வைத்தியம் பாருங்க. நான் இல்லேன்னா என்னை விடுங்க!"

திருமேனிநாதரோ, "ஐயோ, எரிகிறதே! வைத்தியரைக் கூப்பிடுங்கள்!" என்று அலறினார்.

"இந்தக் காயம் எதனால வந்துச்சுங்க?" என்று கேட்டாள் மூக்காயி.

அவர் கடிபட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். ராஜாவுக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தொடையைத் தட்டக் கையை ஓங்கினான்.

"சிரிக்காதீங்க மகாராசா!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. ராஜாவைப் பார்த்து அப்படி ஒருத்தரும் பேசியதில்லை.

"அன்னிக்கும் இப்படித்தான் சிரிச்சீங்களாம். நீங்க சிரிச்ச சிரிப்புல ஒருத்தன் செத்துட்டான். அவன் பேரு இருளாண்டி. இந்த அரண்மனைச் செவுத்துக்குப் பூசின சுண்ணாம்பு அவன் சுட்டது. ஒரு அறுவடை தவறாம நெல்லு அளந்தான். அவன் பொண்டாட்டி இன்னிக்கு ரெண்டு பிள்ளைங்களோட சூளையில கல்லு சுமக்குறா. சிரிக்கிறதா இருந்தா அவ முன்னால போய்ச் சிரிங்க!"

ராஜா கையை மெல்ல இறக்கினான்.

"திருமேனிநாதரே, உமது பதவி போயிற்று. இனிமேல் வைத்தியசாலையில் பல் நோயாளிகள் துப்புவதற்குப் படிக்கம் ஏந்தி நிற்பது உமது வேலை. இருளாண்டி குடும்பத்துக்கு அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து ஆயுசுக்கும் படியளக்கப்படும்." பிறகு மூக்காயி பக்கம் திரும்பினான். "அம்மா, உன் புத்திக்கு என்ன பரிசு வேண்டும்?"

"முதல்ல பல்லைப் பிடுங்குங்க. அப்புறம் பேசலாம்."

வைத்தியர் குறடோடு ஓடிவந்தார். பல் வந்தது, சீழும் வந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. ராஜா பொற்கிழியோடு ஆள் அனுப்பினான். மூக்காயி அதைத் தொடவில்லை. "ஓலை ரத்தாச்சுன்னு தண்டோரா போடச் சொல்லுங்க. யார் தப்புன்னும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்க" என்றாள். ராஜா ஒரு பகல் முழுக்க யோசித்து, கடைசியில் சம்மதித்தான்.

தண்டோராக்காரன் தெருத் தெருவாகப் போனான். பல்லும் உடம்புதான் என்று தொண்டை கிழியக் கத்தினான். "படித்துப் பார்க்காமல் சிரித்துக்கொண்டே முத்திரை வைத்தது ராஜா மருதவாணன் செய்த குற்றம்" என்ற இடம் வந்ததும் பயத்தில் முணுமுணுத்தான்.

கன்னத்தில் கட்டோடு பின்னாலேயே நடந்துகொண்டிருந்தாள் மூக்காயி.

"சத்தமாச் சொல்லுய்யா!" என்றாள்.